அவலரக்கு மெருகூட்டல்

அவலரக்கு மெருகூட்டல் என்பது அரக்குப் பூச்சியிடமிருந்து பெறப்படும் பிசினை எரிசாராயத்தில் கரைத்து, மரப்பொருட்களின் மேற்பரப்பில் மெல்லிய பல படலங்களாகப் பூசிப் பளபளப்பும் பாதுகாப்பும் அளிக்கும் முறையாகும். தமிழ்நாட்டுத் தச்சுப் பட்டறைகளில் இது ஸ்பிரிட் பாலிஷ், பிரெஞ்சு பாலிஷ், அரக்கு பாலிஷ் ஆகிய பெயர்களால் அறியப்படுகிறது. புதிய மரப்பொருட்களுக்கும் இம்முறை பயன்பட்டாலும், பழைய மரப்பொருட்களைப் புதுப்பிப்பதில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. உலர்ந்து பல பத்தாண்டுகள் ஆன அரக்குப் படலமும் பெரும்பாலும் எரிசாராயத்தில் மீண்டும் கரையக்கூடியது. ஆகையால் பழைய பூச்சைச் சுரண்டி எடுக்காமலேயே அதன்மேல் புதிய பூச்சை இட்டு, இரண்டையும் ஒரே படலமாக இணைக்க முடியும். தண்ணீர், வெப்பம், மது ஆகியவற்றை எளிதில் தாங்காத குறையும் இதே கட்டமைப்பிலிருந்தே எழுகிறது.

பெயர்கள்

அரக்கு என்னும் சொல் பூச்சியின் பிசினையும், அதிலிருந்து செய்யப்படும் முத்திரை மெழுகு போன்ற பொருட்களையும் பொதுவாகக் குறிக்கிறது. மரக்கொம்பிலிருந்து எடுக்கப்பட்ட, தூய்மை செய்யப்படாத அரக்கு கொம்பரக்கு எனப்படும். தூய்மை செய்து உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைக்கப்பட்டது அவலரக்கு ஆகும். இதன் செதில்கள் அவல் போன்று தட்டையாக இருப்பதால் இப்பெயர் பெற்றது. சிறு வில்லைகளாக வார்க்கப்படும் வகையும் உண்டு. இது பொத்தான் அரக்கு என்று விற்கப்படுகிறது.

சீனா, ஜப்பான், மியான்மர் ஆகிய நாடுகளின் இலாக்கர் கலைப்பொருட்கள் அரக்கினால் ஆனவை அல்ல. அவை சிலவகை மரங்களின் பாலிலிருந்து செய்யப்படுவன. பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் கொண்டுவந்த இத்தகைய பாத்திரங்கள் செட்டிநாட்டு வீடுகளில் காணப்படுகின்றன. பெயர் ஒற்றுமையால் இவற்றை அரக்குப் பூச்சு எனக் கருதி எரிசாராயத்தால் துடைப்பது தவறாகும்.

அரக்கின் உற்பத்தி

அரக்குப் பூச்சியின் அறிவியற் பெயர் கெரியா லாக்கா என்பதாகும். இதன் இளம் உயிரிகள் இளங்கொம்புகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகின்றன. தம்மைச் சுற்றி அவை சுரக்கும் பிசின் கெட்டியாகி, கொம்பின்மேல் செம்பழுப்பு நிறப் பொருக்காகப் படிகிறது. புரசு, பூவம், இலந்தை ஆகியவை இப்பூச்சி வளர்க்கப்படும் முதன்மையான மரங்களாகும். இந்தியாவில் வளர்க்கப்படும் பூச்சிகளில் ரங்கீனி, குசுமி என்று இரு வகைகள் உண்டு. ரங்கீனி வகை பெரும்பாலும் புரசிலும் இலந்தையிலும், குசுமி வகை பூவ மரத்திலும் வளர்கிறது. குசுமி வகையின் பிசின் வெளிர் நிறமானது என்பதால் உயர்ந்ததாகக் கருதப்படுகிறது.

உலக அரக்கு உற்பத்தியில் இந்தியா முதலிடம் வகிக்கிறது. ஜார்க்கண்டு, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்காளம், ஒடிசா ஆகியவை அரக்கு விளையும் முக்கிய மாநிலங்கள். அங்குள்ள பழங்குடி மக்களுக்கும் சிறு உழவர்களுக்கும் அரக்கு ஒரு துணை வருவாயாகும். பூச்சி வளர உயிருள்ள மரம் தேவை. எனவே அரக்கு வளர்ப்பவர் மரத்தை வெட்டாமல், கொம்புகளை மட்டும் கவாத்து செய்து பல ஆண்டுகள் பயன் பெறுகிறார். அரக்கு பற்றிய ஆய்வுக்காக 1924 ஆம் ஆண்டு ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னுமிடத்தில் இந்திய அரக்கு ஆய்வு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 2007 இல் இது இந்திய இயற்கைப் பிசின்கள் மற்றும் கோந்துகள் நிறுவனம் எனவும், 2022 இல் தேசிய இரண்டாம் நிலை வேளாண்மை நிறுவனம் எனவும் பெயர் மாற்றப்பட்டது.

கொம்பரக்கு முதலில் நொறுக்கப்பட்டுக் கழுவப்படுகிறது. அப்போது அதிலுள்ள சிவப்புச் சாயத்தின் பெரும்பகுதி நீரில் கரைந்து நீங்குகிறது. மரபுவழி முறையில், கழுவி உலர்த்திய மணிகள் நீண்ட துணிப்பையில் நிரப்பப்பட்டு, கரியடுப்பின் முன் காட்டி முறுக்கப்படும். உருகிய பிசின் துணியின் வழியே கசிந்து வெளிவரும். அழுக்கு பையிலேயே தங்கிவிடும். பிசின் சூடாக இருக்கும்போதே கைகளாலும் கால்களாலும் இழுத்து மெல்லிய தகடாக விரிக்கப்பட்டு, ஆறியபின் செதில்களாக உடைக்கப்படும். தற்போது நீராவியாலும் கரைப்பான்களாலும் இயங்கும் ஆலை முறைகளும் உள்ளன. மெழுகு நீக்கிய அரக்கு, வெளுக்கப்பட்ட வெள்ளை அரக்கு ஆகியவை ஆலைகளில் செய்யப்படுகின்றன.

வேதியியற் பண்புகள்

அரக்குப் பிசின் ஒரு தனிச் சேர்மம் அன்று. அலூரிட்டிக் அமிலம், ஜலாரிக் அமிலம் முதலிய ஐதராக்சி அமிலங்கள் எஸ்டர் பிணைப்புகளால் இணைந்த கலவையாகும். இதில் ஏறத்தாழ 5 விழுக்காடு இயற்கை மெழுகு கலந்துள்ளது. மூலக்கூறுகளில் ஐதராக்சில் தொகுதிகள் மிகுந்திருப்பதால் இது எத்தனாலில் நன்கு கரைகிறது. நீரிலும் கற்பூரத் தைலத்திலும் கரைவதில்லை. சோடா உப்பு, அம்மோனியா போன்ற காரங்கள் அமிலத் தொகுதிகளுடன் வினைபுரிவதால், காரத்தன்மை கொண்ட நீர் இதைக் கரைத்துவிடும்.

ஆளி விதை எண்ணெய் வார்னிஷ் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து கெட்டியாகிறது. பாலியூரித்தேன் பூச்சில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து வலைப்பின்னல் ஆகின்றன. இவ்விரண்டும் ஒருமுறை இறுகியபின் தம் பழைய கரைப்பானில் மீண்டும் கரைவதில்லை. அரக்குக் கரைசலோ எத்தனால் ஆவியாவதால் மட்டுமே உலர்கிறது. உலர்ந்த படலத்தின்மேல் மீண்டும் எத்தனால் பட்டால் அது இளகும். ஆகவே அடுத்தடுத்த பூச்சுகள் அடுக்குகளாகப் பிரிந்து நில்லாமல் ஒன்றுள் ஒன்று உருகி இணைகின்றன.

அரக்கு சுமார் 65 முதல் 80 செல்சியஸ் பாகை வெப்பநிலையில் இளகி உருகுகிறது. சூடான காப்பி டபராவை அரக்குப் பூச்சுள்ள மேசைமேல் வைத்தால் வெண்ணிற வளையம் விழுவதற்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்து காரணமாகின்றன.

கரைத்து வைத்த அரக்கு நாளடைவில் கெடும். அமிலத் தொகுதிகள் எத்தனாலுடன் மெல்ல வினைபுரிந்து எஸ்டர்களாக மாறுவதால், பழைய கரைசல் பூசியபின் முழுவதும் உலராமல் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட கரைசலை ஒரு கண்ணாடித் துண்டில் பூசிச் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். செதில்களாகவே குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்திருந்து, வேண்டியபோது வேண்டிய அளவு கரைத்துக்கொள்வது சிறந்த முறையாகும்.

வரலாறு

இந்தியாவில் அரக்கின் பயன்பாடு மிகப் பழமையானது. மகாபாரதத்தில் பாண்டவர்களை எரித்துக் கொல்லக் கட்டப்பட்ட அரக்கு மாளிகை பற்றிய கதை, அரக்கு எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதை அக்கால மக்கள் அறிந்திருந்ததைக் காட்டுகிறது. இந்தியாவின் மரபுவழி மரவேலையில் அரக்கு பெரும்பாலும் கரைக்கப்படாமல், கட்டியாகவே பயன்பட்டது. கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தும்போது உராய்வு வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. கருநாடகத்தின் சென்னபட்டணத்திலும், தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரத்திலும் செய்யப்படும் மரச் சொப்புகளுக்கு இவ்வாறே வண்ணம் ஏற்றப்பட்டது.

எத்தனாலில் கரைத்த அரக்கைத் துணிப்பொதியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போன்ற பரப்பை உருவாக்கும் முறை, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குப் பரவி, பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர் பெற்றது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அரசு அலுவலகங்கள், நீதிமன்றங்கள், செல்வந்தர் வீடுகள் ஆகியவற்றுக்கான மேசை, நாற்காலி, அலமாரி முதலியவற்றின் வழியே இம்முறை இந்தியாவில் பரவலாயிற்று. இந்தியக் காட்டில் விளைந்த பிசின் ஐரோப்பியப் பூச்சு முறையாக இந்தியாவுக்கே திரும்பிவந்தது எனலாம்.

1890களின் நடுப்பகுதி முதல் இசைத்தட்டுகள் செய்யவும் அரக்கு பெருமளவில் பயன்பட்டது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இசைத்தட்டுகளுக்கு வினைல் வந்தது. மரப்பொருட்களில் முதலில் நைட்ரோசெல்லுலோஸ் இலாக்கரும், பின்னர் மெலமைன், பாலியூரித்தேன் பூச்சுகளும் அரக்கின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. இன்று மாத்திரைகளுக்கும் இனிப்புகளுக்கும் மேற்பூச்சாகவும், பழங்களுக்கு மெருகாகவும் அரக்கு பயன்படுகிறது. உணவுச் சேர்பொருளாக இதன் எண் ஈ904 ஆகும்.

பழைய பூச்சை அறிதல்

பழைய மரப்பொருள் ஒன்றைப் புதுப்பிக்குமுன் அதன்மேல் உள்ள பூச்சு எது என்று அறிவது முதற்படியாகும். காலின் உட்புறம், இழுப்பறையின் அடிப்புறம் போன்ற கண்ணில் படாத ஓர் இடத்தில் சோதனை செய்ய வேண்டும். முதலில் கற்பூரத் தைலத்தால் துடைத்து மேலுள்ள மெழுகையும் அழுக்கையும் நீக்கிக்கொள்ள வேண்டும். பின்னர் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு துளி எரிசாராயத்தை வைத்து ஒரு நிமிடம் வரை காத்திருக்க வேண்டும்.

• பரப்பு இளகிப் பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது பெரும்பாலும் அரக்குப் பூச்சு.
• எரிசாராயத்தில் இளகாமல், இலாக்கருக்கான தின்னரில் மட்டும் கரைந்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் இலாக்கர்.
• இரண்டிலும் கரையாவிட்டால் அது எண்ணெய் வார்னிஷ், பாலியூரித்தேன் அல்லது மெலமைன் வகையாக இருக்கலாம்.
• கற்பூரத் தைலத்திலேயே பூச்சு முழுவதும் நீங்கி வெறும் மரம் தெரிந்தால், அது மெழுகு மட்டும் இடப்பட்ட பொருள்.

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளைப் போன்ற இடங்களில், இடிக்கப்பட்ட வீடுகளின் தேக்குக் கதவுகளும் கணக்குப் பெட்டிகளும் சாய்வு நாற்காலிகளும் விற்பனைக்கு வருகின்றன. இத்தகைய பொருட்கள் பல கைகள் மாறி வருவதால், ஒரே பொருளின்மேல் அரக்கு, வார்னிஷ், வண்ணப்பூச்சு ஆகிய மூன்றும் இருக்கக்கூடும். எனவே ஒரே இடத்தில் செய்த சோதனையை மட்டும் நம்பாமல், மேற்பலகை, கால், சட்டம் என ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதிப்பது நல்லது. பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புள்ளதால், அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்புதல் கூடாது.

புதுப்பிக்கும் முறை

பழைய அரக்குப் பூச்சின் நிலையைப் பொறுத்து மூன்று வழிகள் உள்ளன. எளியதில் தொடங்கி, அது போதாதபோது மட்டுமே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

தூய்மை செய்தல்: பல பொருட்கள் கருத்துக் காணப்படுவதற்கு பூச்சு கெட்டது காரணம் அன்று, பல ஆண்டுகளாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் பழைய மெழுகுமே காரணமாகும். கற்பூரத் தைலத்தில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய மெழுகு இட்டாலே இவை பழைய நிலைக்கு வந்துவிடும். சோடா உப்பு, சலவைத்தூள், அம்மோனியா கலந்த தூய்மைப் பொருட்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

மீள இணைத்தல்: பூச்சில் முதலைத்தோல் போன்ற வெடிப்புகளோ, வெண்ணிற வளையங்களோ இருந்தால், எரிசாராயம் சிறிதளவு கலந்த மிகவும் நீர்த்த அரக்குக் கரைசலைத் தூரிகையாலோ துணிப்பொதியாலோ விரைவாகத் தடவ வேண்டும். பழைய படலம் இளகி, வெடிப்புகள் தாமே மூடிக்கொள்ளும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் இளகிய படலம் பெயர்ந்துவிடும் என்பதால், ஒருமுறை தடவியபின் உலரும்வரை காத்திருக்க வேண்டும்.

முழுவதும் நீக்கிப் பூசுதல்: பூச்சு பல இடங்களில் உரிந்து, மரமே வெளிப்பட்டிருந்தால் மட்டுமே இவ்வழி தேவைப்படும். எரிசாராயத்தில் நனைத்த துணியைப் பரப்பின்மேல் சில நிமிடங்கள் போர்த்தி வைத்தால் அரக்கு இளகிவிடும். இளகியதை மழுங்கிய தகட்டால் வழித்தெடுக்கலாம். இழைப்புளியோ மின்சாரத் தேய்ப்பானோ பயன்படுத்தினால் பூச்சுடன் மரத்தின் மேற்பரப்பும் போய்விடும். ஒளியாலும் காற்றாலும் கைபட்டும் பல பத்தாண்டுகளில் மரம் பெற்ற நிறம் சில நூறு மைக்ரோமீட்டர் ஆழத்திற்கே உள்ளது. அதை இழைத்து நீக்கியபின் எச்சாயத்தாலும் முழுமையாக மீட்க முடியாது. பழைய தேக்குப் பலகை இழைத்தபின் புதுப்பலகை போன்று வெளிறித் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

கரைசல் ஆயத்தம்

மெருகூட்டலுக்கான கரைசலில் 1 லிட்டர் எரிசாராயத்திற்குச் சுமார் 120 முதல் 240 கிராம் வரை அவலரக்கு சேர்க்கப்படுகிறது. இந்தியாவின் மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டுமான விவரக்குறிப்பில் 1 லிட்டருக்கு 140 கிராம் என்ற அளவு தரப்பட்டுள்ளது. ஆயத்த நிலையில் விற்கப்படும் பிரெஞ்சு பாலிஷுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 348 ஆகும். செதில்களை மூடிய கண்ணாடிப் புட்டியில் இட்டு எரிசாராயம் ஊற்றி, அவ்வப்போது குலுக்கி ஓரிரவு வைத்திருந்தால் கரைந்துவிடும். விரைவாகக் கரைக்க அடுப்பில் வைத்தல் கூடாது. இரும்புக் கலத்தில் வைத்தால் கரைசல் கருக்கும். பின்னர் மெல்லிய துணியால் வடிகட்ட வேண்டும்.

மரத்தை ஆயத்தம் செய்தல்

மரம் வெளிப்பட்ட பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் மரத்தின் இழையோட்டத்தின் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்காகத் தேய்த்த கீறல்கள் பூச்சு ஏறியபின் மேலும் தெளிவாகத் தெரியும். ஆணித்துளைகளும் சிறு பள்ளங்களும் மக்கு வைத்து நிரப்பப்படுகின்றன. சுண்ணக்கட்டித் தூளுடன் மர நிறத்துக்கு ஏற்பக் காவி முதலிய நிறமிகளைச் சேர்த்து, எரிசாராயத்திலோ அரக்குக் கரைசலிலோ குழைத்தது மரபுவழி மக்கு ஆகும். ஆழமான குழிகளில், சூடாக்கிய கத்தியால் அரக்குக் குச்சியை உருக்கி நிரப்புவதும் உண்டு.

மெருகேற்றல்

பஞ்சை உருண்டையாக்கி, பலமுறை துவைத்த பருத்தித் துணியில் பொதிந்து ஒரு பொதி செய்துகொள்ள வேண்டும். கரைசலைப் பஞ்சின்மேல் ஊற்ற வேண்டுமேயன்றித் துணியின்மேல் ஊற்றுதல் கூடாது. பிழிந்தால் சற்றே ஈரம் கசியும் அளவு போதுமானது. முதலில் இழையோட்டத்தின் திசையில் நீளவாட்டில் சில பூச்சுகள் இடப்படும். ஒவ்வொரு பூச்சும் உலர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். பின்னர் சிறு வட்டங்களாகவும், எட்டு என்ற எண்ணின் வடிவிலும் பொதியை இடைவிடாது நகர்த்திப் படலம் வளர்க்கப்படும். பொதி ஒட்டாமல் வழுக்கிச் செல்ல அதன்மேல் ஒரு துளி எண்ணெய் இடுவது வழக்கம். நகரும் பொதியைப் பரப்பின் நடுவில் நிறுத்தினால், அந்த இடத்தில் இளகிய அரக்குடன் துணி ஒட்டித் தழும்பு விழும். ஆகவே விமானம் தரையிறங்கி எழுவது போல, நகரும் நிலையிலேயே பொதியைப் பரப்பில் வைத்து, நகரும் நிலையிலேயே எடுக்க வேண்டும்.

சில நாட்கள் இடைவெளி விட்டு இவ்வேலை மீண்டும் செய்யப்படும். இறுதியில் ஏறக்குறைய எரிசாராயம் மட்டுமே கொண்ட பொதியால் மிக மெதுவாகத் துடைத்து, மேலே தங்கிய எண்ணெய் நீக்கப்படும். முழுவதும் இறுகச் சில வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை பொருளின்மேல் கனமானவற்றை வைத்தல் கூடாது.

மலைப்பகுதிகளில் மெருகூட்டல்

அரக்குப் பூச்சில் ஈரப்பதத்தின் விளைவு மலைப்பகுதிகளில் தெளிவாகக் காணப்படுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கோடையில் உலர்ந்தும், மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் ஈரமும் மூடுபனியும் மிகுந்தும் இருப்பது இத்தகைய மலைகளின் இயல்பு. எரிசாராயம் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், குளிர்ந்த பரப்பில் பனித்துளி போல நீர் படிந்து அரக்குப் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. இதனால் படலம் பால் போல் வெளுக்கும். வெளுத்த பூச்சின்மேல், உலர்ந்த வெயில் நாளில் எரிசாராயப் பொதியை மெதுவாகச் செலுத்தினால், படலம் இளகிச் சிக்கிய நீர் வெளியேறித் தெளிவு திரும்பும். மழைநாட்களில் வேலையை ஒத்திவைப்பதும், பிற்பகல் வெயிலில் செய்து முடிப்பதும் எளிய தடுப்பு முறைகளாகும்.

ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பெயர் பெற்றது. சந்தனச் சிற்பங்களுக்கு அரக்குப் பூச்சு ஏற்றதன்று. படலம் மரத்தின் துளைகளை மூடி மணத்தைத் தடுத்துவிடும். இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் காட்டிலிருந்து சேகரிக்கும் பொருட்களில் தேனும் கடுக்காயும் அடங்கும். இவை இரண்டும் மரமெருகுடன் தொடர்புடையவை. தேனடையிலிருந்து கிடைக்கும் மெழுகு சுமார் 62 முதல் 64 செல்சியஸ் பாகையில் உருகுவது. இதைக் கற்பூரத் தைலத்துடன் குழைத்து அரக்குப் பூச்சின்மேல் இட்டால், பூச்சு நேரடியாகத் தேய்வது குறையும். கடுக்காயிலுள்ள தனின் இரும்பு உப்புகளுடன் சேர்ந்து கருநிறம் தரும். மரத்தைக் கருக்கச் செய்ய இவ்வினை பயன்படுகிறது. பழைய மரப்பொருட்களில் இரும்பாணியைச் சுற்றிக் காணப்படும் கருங்கறையும் இவ்வினையால் தோன்றுவதே. பூச்சு இடுமுன் ஆக்சாலிக் அமிலக் கரைசலால் அக்கறையை வெளுக்கலாம்.

எரிசாராயமும் சட்டமும்

தொழிற்பயனுக்கான எரிசாராயம் குடிக்கப்படாமல் இருக்கும்பொருட்டு அதனுடன் கசப்புப் பொருட்களோ மெத்தனால் போன்ற நச்சுப் பொருட்களோ கலக்கப்படுகின்றன. மெருகுக்குத் தேவையான இப்பொருள் தமிழ்நாட்டின் மதுவிலக்கு வரலாற்றுடனும் பிணைந்துள்ளது. சென்னை மாகாணத்தில் 1937 ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1939 இல், ஜவ்வாது மலை அடங்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக்கும், 1948 இல் மாகாணம் முழுமைக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. மது கிடைக்காத சூழலில் மரமெருகுக் கரைசலையே குடிக்கும் அவலம் தோன்றியது. எரிசாராயம், மெத்தில் ஆல்ககால், பிரெஞ்சு பாலிஷ் ஆகிய மூன்றையும் இருப்பு வைப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்தும் தனி விதிகள் 1959 ஆம் ஆண்டு இயற்றப்பட்டன. ஒரு தச்சுப் பொருளின் பெயர் மதுவிலக்கு விதிகளின் தலைப்பில் இடம்பெற்றதற்கு இதுவே பின்னணி.

மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். சிறிதளவே உயிரைப் பறிக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரக்கூடியது. எனவே மெருகூட்டும் தொழிலாளர் கையுறை அணிவதும், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்வதும், இயன்றவரை மெத்தனால் குறைந்த எரிசாராயத்தைப் பயன்படுத்துவதும் இன்றியமையாதவை. எத்தனாலின் ஆவி அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடியது என்பதால், அருகில் விளக்கு, பீடி, அடுப்பு ஆகியவை இருத்தல் கூடாது. எண்ணெய் நனைந்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அவற்றை விரித்து உலர்த்தியோ நீரில் அமிழ்த்தியோ அப்புறப்படுத்த வேண்டும்.

பிற பூச்சுகளுடன் ஒப்பீடு

மெலமைன், பாலியூரித்தேன் பூச்சுகள் தண்ணீர், வெப்பம், கீறல் ஆகியவற்றை அரக்கைவிட நன்கு தாங்குகின்றன. அன்றாடம் தண்ணீர் புழங்கும் உணவு மேசை, சமையலறை அலமாரி, வெயில் மழை படும் கதவு ஆகியவற்றுக்கு அரக்கு ஏற்றதன்று. ஆனால் அவ்வன்மையான பூச்சுகள் பழுதடையும்போது அப்பகுதியை மட்டும் சரிசெய்வது கடினம். பெரும்பாலும் முழுப்பரப்பையும் தேய்த்து நீக்கியாக வேண்டும். அப்போது மரத்தின் பழைய மேற்பரப்பும் இழக்கப்படும். அரக்குப் பூச்சு எளிதில் பழுதடையும். அதே எளிமையுடன் பழுது நீக்கவும்படும்.

அருங்காட்சியகப் பொருட்களின் பாதுகாப்பில், இன்று செய்யும் திருத்தத்தைப் பிற்காலத்தவர் விரும்பினால் நீக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது பொதுவான நெறியாகும். அரக்கு இந்நெறிக்குப் பெருமளவு பொருந்துகிறது. எனினும் மிகப் பழைய படலம் ஒளியாலும் வெப்பத்தாலும் மாற்றமடைந்து ஓரளவு கரையாத் தன்மை பெறலாம். அரிய பழம்பொருட்களைச் சோதிக்காமல் கையாளக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இன்றைய நிலை

பூச்சுத் துப்பாக்கியால் ஒரே நாளில் முடியும் வேலையைப் பல நாட்கள் கையால் செய்ய வேண்டியிருப்பதால், பொதி கொண்டு மெருகேற்றும் தொழிலாளர் குறைந்து வருகின்றனர். இந்தியாவில் விளையும் அரக்கின் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. பழைய மரப்பொருட்களை வாங்கிப் புதுப்பிக்கும் ஆர்வம் நகரங்களில் பெருகியுள்ளபோதிலும், புதுப்பித்தல் என்பது பலவிடங்களில் இழைத்து வெளிறச் செய்து பாலியூரித்தேன் பூசுவதையே குறிக்கிறது. எரிசாராயத் துளியால் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை, நூறாண்டுப் பழமையான ஒரு மேற்பரப்பு காக்கப்படுமா அல்லது மரத்தூளாகிவிடுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடியதாக உள்ளது.